உங்களுக்குத் தெரியாமல் நான் படித்த மொழி

அதியமான்கோட்டை,
9.6.2025

அன்புள்ள ஜெனிஷா அப்பாவுக்கு,

ஆண்டவர் அருளால் நானும் ஜெனிஷாவும் இங்கே நலம். ஹங்கேரியில் கெச்கெமேட் போய்ச் சேர்ந்த நீங்களும், உங்களுக்குத் தங்க இடம் கொடுத்திருக்கும் இலோனா அம்மாவும், அவர் மகள் ஜூடித்தும் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று சிரிப்பீர்கள். மாணவனாக ஐந்து வருடம் அங்கே இருந்தபோது ஊரிலிருந்து ஒரு கடிதம்கூட வந்ததில்லை, மற்ற பையன்களுக்கு வரும் தபாலை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பேன் என்று நமக்குக் கல்யாணமான புதிதில் சொன்னீர்கள். அந்த வீட்டுத் தபால் பெட்டியில் உங்கள் பெயருக்கு ஒன்றாவது விழட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய படங்களையெல்லாம் ஜெனிஷா டிவியில் போட்டுக் காட்டினாள். வியன்னா அரண்மனையும் ப்ராக் பாலமும் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் அந்தப் படங்களில் நீங்கள் சுற்றுலாவுக்குப் போனவர் மாதிரி விறைப்பாக நிற்கிறீர்கள். புடாபெஸ்ட் ரயில் நிலையத்துப் படத்தில் முகமே வேறு. அன்றைக்கு ஸ்டேஷன் அறிவிப்பைக் கேட்டதும், "காது தொறந்த மாதிரி இருக்குது ஜாஸ்மின்" என்று போனில் சொன்னீர்களே, அது எனக்கு இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ரொட்டிக் கடைக்காரம்மா உங்கள் வாக்கியத்தைத் திருத்தினார் என்று சொல்லிச் சந்தோஷப்பட்டீர்கள். நான் திருத்தினால் மட்டும் கோபம் வரும்! மாலை வகுப்பில் சேர்ந்தது நல்லது. இருபது வருடம் பேசாத மொழி திரும்பி வருவதற்கு நாளாகும். அவசரப்படாமல் இருந்து வாருங்கள்.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. இந்த வருடம் எனக்கு ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் தமிழ். கடத்தூர் பஸ்ஸில் காலையில் உட்கார இடம் கிடைத்துவிடுகிறது. சாயங்காலம்தான் நின்றுகொண்டு வர வேண்டியிருக்கிறது.

இங்கே நல்ல மழை. நம் நர்சரியில் செந்தூரா மா ஒட்டுக் கன்றுகள் எல்லாம் துளிர்த்துவிட்டன. கேட்டு வருகிறவர்கள் பெங்களூரா கன்றைத்தான் கேட்கிறார்கள். மாங்கூழ் ஃபேக்டரிகள் அதைத்தான் எடுக்கின்றனவாம். கோவிந்தன் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார். ஒரு விஷயம் மட்டும் கேட்க வேண்டும். போன வாரம் கிருஷ்ணகிரியிலிருந்து இரண்டு பேர் காரில் வந்து நர்சரி இடத்தைச் சுற்றிப் பார்த்தார்களாம். கோவிந்தன் வந்து, "டீச்சர், அய்யா சொல்லித்தான் வந்தம்ன்றாங்க. எடத்த அளக்கணும்ன்றாங்க" என்றார். ஹைவே ஓரத்தில் இடம் தேடுகிறவர்கள் ஆள் மாறி வந்திருப்பார்கள், திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?

ஜெனிஷா விவசாயக் கல்லூரிக் கவுன்சலிங்குக்கு விண்ணப்பித்திருக்கிறாள். ஆனால் வாயைத் திறந்தால் கெச்கெமேட்தான். "அப்பா படிச்ச காலேஜ்லயே மேல்படிப்பு படிப்பேன்மா, ஜூடித் ஆன்ட்டி வூட்லயே தங்கிக்குவேன்" என்கிறாள். அவள் தோழிகள் எல்லோருக்கும் உங்கள் படங்கள் போயிருக்கின்றன.

இலோனா அம்மாவுக்குக் கொடுத்தனுப்பிய மாங்காய்த் தொக்கைச் சாப்பிட்டார்களா? காரம் தாங்கினார்களா? ஜூடித்துக்குச் சேலை பிடித்ததா? கிறிஸ்துமஸ் தவறாமல் எனக்கும் குழந்தைக்கும் பார்சல் அனுப்புகிறார்கள். இலோனா அம்மா பின்னிய சிவப்புச் சால்வையைக் கிறிஸ்துமஸ் பூசைக்குப் போர்த்திக்கொண்டு போகும்போதெல்லாம், பார்த்தே இராத என்மேல் இவர்களுக்கு இவ்வளவு பிரியமா என்று நினைப்பேன். என் சொந்த அத்தைகூட இப்படி நினைத்துப் பார்த்ததில்லை. என் வணக்கத்தை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

என்னிடமும் உங்களுக்கு ஒரு ஆச்சரியம் இருக்கிறது. நீங்கள் வந்து இறங்கும் நாளில்தான் சொல்வேன்.

ராத்திரிக் குளிரில் காதை மூடிக்கொள்ளுங்கள். மாத்திரையை மறக்காதீர்கள்.

உங்கள் அன்பு மனைவி,
ஜாஸ்மின்


அதியமான்கோட்டை,
4.7.2025

ஜெனிஷா அப்பாவுக்கு,

இதை எழுதிப் படம் பிடித்து உங்கள் போனுக்கு அனுப்புகிறேன். பேசினால் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள், எனக்கு அழுகை வரும், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். முழுவதும் படித்துவிட்டுப் பிறகு கூப்பிடுங்கள்.

நீங்கள் இறங்கும் நாளில் சொல்வதாக இருந்த ஆச்சரியத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஹங்கேரிய மொழி கொஞ்சம் தெரியும். போன வருடம் நீங்கள் இந்தப் பயணத்தை முடிவு செய்த நாளிலிருந்து கடத்தூர் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் போனில் பாடம் போட்டு, இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு படித்து வருகிறேன். ஜெனிஷாவுக்கும் தெரியாது. நீங்கள் ஒட்டுக் கட்டும்போது கன்றுகளை அந்த மொழியில்தான் எண்ணுவீர்கள். பாட்டு முணுமுணுப்பதும் அதில்தான். அந்த ஐந்து வருடத்துக்குள் எனக்கு இடமே இல்லை என்பது எனக்கு ஒரு குறையாகவே இருந்தது. விமான நிலையத்தில் உங்களை உங்களுக்குப் பிடித்த மொழியில் வரவேற்க வேண்டும், உங்கள் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

படிக்கப் படிக்கச் சந்தோஷமாக இருந்தது. 'ஹாஸ்' என்றால் வீடு. 'ஹாஸ்பன்' என்றால் வீட்டில். வேற்றுமை உருபை நம்மைப் போலவே சொல்லுக்குப் பின்னால் ஒட்டுகிறார்கள். தமிழ் டீச்சருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? உறவுச் சொற்கள் பாடம் வந்தபோது பஸ்ஸிலேயே சிரித்துவிட்டேன். அக்காவுக்குத் தனிச் சொல், தங்கைக்குத் தனிச் சொல். அண்ணனுக்கும் தம்பிக்கும் அப்படியே. இங்கிலீஷ்காரர்களுக்கு இல்லாதது இவர்களிடம் இருக்கிறதே, இவர்கள் நம் சொந்தக்காரர்களேதான் என்று நினைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஜூடித்தின் போனிலிருந்து வீடியோவில் கூப்பிட்டீர்கள். உங்கள் போனில் சார்ஜ் இல்லை என்றீர்கள். அங்கே மதியச் சாப்பாட்டு நேரம். மேசையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தீர்கள். இலோனா அம்மா கையசைத்தார். ஜூடித் நான் கொடுத்தனுப்பிய சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டினார். விருந்துக்கு வந்திருந்த ஒரு வயதானவர் எட்டிப் பார்த்து, யார் அது என்று உங்களிடம் கேட்டார். அது எனக்குப் புரிந்தது. புரிந்ததில் பெருமையாகக்கூட இருந்தது. நீங்கள் என்ன சொல்லி என்னை அறிமுகப்படுத்தப் போகிறீர்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன்.

ஹூகொம் என்றீர்கள். என் தங்கை.

அதற்கு முன்னாலும் பின்னாலும் சிரித்துக்கொண்டுதான் இருந்தீர்கள். அந்தச் சொல்லோடு இன்னும் இரண்டு சொற்கள் சேர்த்துச் சொன்னீர்கள். அந்த மனிதர் என்னைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார். பிறகு நீங்கள் தமிழில் என்னிடம், "செரி ஜாஸ்மின், சாப்டீங்களா ரெண்டு பேரும்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டீர்கள்.

எனக்குப் புரியாத அந்த இரண்டு சொற்களையும் ஒலியை வைத்துத் தேடினேன். ஒன்று 'பாவம்'. மற்றது 'விதவை'.

என்னைத் தங்கை என்று சொன்னதைக்கூட ஏதோ விளையாட்டு என்று ஒதுக்கப் பார்த்தேன். ஆனால் விதவை என்று சொல்ல வேண்டுமென்றால் உங்களையே நீங்கள் சாகடித்திருக்க வேண்டும். அந்த மேசையில் யாருக்கும் அது புதிய செய்தியாகத் தெரியவில்லை. இலோனா அம்மா உச்சுக் கொட்டவில்லை, ஜூடித் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வீட்டில் நான் எத்தனை வருடமாக விதவை?

திங்கட்கிழமை வகுப்பில் ஒரு பிள்ளை, "டீச்சர், ஒடம்பு செரியில்லீங்களா?" என்று கேட்டது. ஆமாம் என்றேன். வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்தேன். அவர்கள் அனுப்பிய பொருள்கள் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டேன். சால்வை, பூ வேலை செய்த மேசை விரிப்பு, ஜெனிஷா சின்னவளாக இருந்தபோது போட்ட கம்பளிச் சட்டைகள். ஒரு வருடம் குளிர்காலச் செருப்புகூட வந்தது. இவை எல்லாம் யாருக்கு வந்தவை? அமல்தாஸின் மனைவிக்கும் மகளுக்கும் வந்தவை என்று நினைத்திருந்தேன். புருஷனை இழந்த ஒரு பாவப்பட்ட பெண்ணுக்கும் அப்பா இல்லாத குழந்தைக்கும் இரக்கப்பட்டு அனுப்பியவை என்று இப்போதுதான் தெரிகிறது. கழுத்தில் தாலியோடு, மேலே அந்தச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து இத்தனை கிறிஸ்துமஸ் பூசை பார்த்திருக்கிறேன். நீங்கள் அதை எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?

ஜெனிஷாவிடம் எதுவும் சொல்லவில்லை. அவள் கேட்கும்போதெல்லாம் அப்பா நன்றாக இருக்கிறார் என்கிறேன்.

நான் சண்டைக்கு எழுதவில்லை. எனக்குத் தெரிய வேண்டும். நான் கேட்டது தவறு என்றால் தவறு என்று சொல்லுங்கள். சரி என்றால் ஏன் என்று சொல்லுங்கள். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

ஜாஸ்மின்


அதியமான்கோட்டை,
16.7.2025

ஜெனிஷா அப்பாவுக்கு,

நீங்கள் புடாபெஸ்ட்டில் பழைய நண்பரின் அறையில் இருப்பதாக அனுப்பிய செய்தி கிடைத்தது. பயணச்சீட்டை முன்தேதிக்கு மாற்றிவிட்டதையும் பார்த்தேன். நான் ஏன் போனை எடுக்கவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறீர்கள். அதற்குத்தான் இந்தக் கடிதம். இதையும் படம் பிடித்தே அனுப்புகிறேன்.

போன கடிதத்தைப் படித்ததும் கூப்பிட்டு என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? "நீ போன்ல கத்துக்கிட்டது புஸ்தக பாஷை. ஹூகொம்னா சொந்தக்காரப் பொண்ணுன்னும் அர்த்தம். பொண்டாட்டியக்கூட அப்பிடி சொல்லுவாங்க. இன்னொரு வார்த்தைய நீ தப்பா கேட்டிருப்ப" என்றீர்கள். அதோடு நிறுத்தவில்லை. "அம்பது வார்த்த தெரிஞ்சிக்கிட்டு என்னைச் சந்தேகப்படுறியே" என்று வருத்தப்பட்டீர்கள். நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்டேன். ஜெனிஷா அப்பா, நான் மன்னிப்புக் கேட்டேன். அன்று முழுவதும் எனக்கு இருந்த நிம்மதியை என்னவென்று சொல்வது? குழம்பு வைத்தேன், பக்கத்து வீட்டுக்குக்கூடக் கொடுத்தேன்.

ஆனால் நான் பிள்ளைகளுக்கு மொழி சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவள். ஒரு சொல்லுக்கு இல்லாத பொருளைச் சொன்னால் மனம் கிடந்து அரிக்கிறது. அகராதி, பாடம் என்று தேடியதில் எங்கேயும் நீங்கள் சொன்ன பொருள் இல்லை. நீங்கள் உயிராக நேசிக்கிற மொழியை எடுத்து, அதைப் படித்தவளையே முட்டாளாக்கப் பார்த்திருக்கிறீர்கள். தங்கை என்று சொன்னது அவர்களுக்காக. இந்தப் பொய் எனக்காகவே புதிதாகச் செய்தது. எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

ஜூடித்தின் போன் நம்பர் என்னிடம் இருந்தது. சனிக்கிழமை மதியம், ஜெனிஷா தருமபுரிக்குக் கம்ப்யூட்டர் கிளாஸ் போன பிறகு, சொல்ல வேண்டிய வாக்கியங்களைப் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டேன். நான் ஜாஸ்மின். நான் அவருடைய தங்கை இல்லை. நான் அவருடைய மனைவி. எனக்கு இலக்கணப் பிழை வந்திருக்கும். ஆனால் அவருக்குப் புரிந்தது. மெதுவாகப் பேசுங்கள், எனக்கு முழுவதும் தெரிய வேண்டும் என்றார்.

அவரும் மெதுவாகப் பேசினார். புரியாத இடத்தில் வேறு சொல் போட்டுத் திரும்பச் சொன்னார். உங்கள் அப்பா இறந்த செய்தி கேட்டு நீங்கள் ஊருக்குக் கிளம்பியபோது, ஒரு சில மாதத்தில் திரும்பி வந்து அவரைக் கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்னீர்களாம். பிறகு, தங்கை புருஷனை இழந்து கைக்குழந்தையோடு நிற்கிறாள், அவர்களை விட்டுவிட்டு வர முடியாது என்றீர்களாம். அவர் காத்திருந்தார், பிறகு வேறொருவரை மணந்தார், அதுவும் நிலைக்கவில்லை. இந்த முறை நீங்கள் போனபோது, தங்கை மகள் கல்லூரியில் சேர்ந்ததும் என் பொறுப்பு முடிந்தது, இருக்கும் இடத்தை விற்றுவிட்டு இங்கேயே வந்துவிடுவேன் என்று சொன்னீர்களாம்.

கிருஷ்ணகிரிக்காரர்கள் எதற்கு வந்தார்கள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆள் மாறி வரவில்லை.

அந்தக் குழந்தை அவருடையதா என்று ஜூடித் கேட்டார். மூக்கு அப்படியே அவருடையது என்று சொல்ல நினைத்தேன். மூக்குக்கு என்ன சொல் என்று மறந்துவிட்டது. முகம் அவருடையது என்றேன். அதைக் கேட்டுத்தான் அவர் அழுதார். நானும் அழுதேன். உங்களால் ஏமாந்த இரண்டு பேர், அரைகுறை மொழியில், ஒருவரை ஒருவர் தேற்றிக்கொண்டிருந்தோம். அந்த மொழியை நான் உங்களுக்காகப் படித்தேன். அதில் முதன்முதலாக மனம் விட்டுப் பேசியது ஜூடித்திடம்.

இலோனா அம்மா போனை வாங்கினார். வேகமாகப் பேசினார். எனக்கு ஒரே ஒரு சொல்தான் பிடிபட்டது. மன்னிப்பு. திரும்பத் திரும்ப அதையே சொன்னார். அவர் எதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்? முகம் தெரியாத ஒருத்திக்குக் கண் மங்கிய வயதிலும் உட்கார்ந்து பின்னியவர். வேண்டாம் அம்மா, வேண்டாம் அம்மா என்று தமிழில்தான் எனக்கு வந்தது.

அன்று மாலையே ஜூடித் உங்களை வீட்டை விட்டுப் போகச் சொல்லிவிட்டார் என்பதை நீங்கள் எழுதவில்லை, அவர் சொன்னார். நீங்கள் எழுதியது வேறு. "ரெண்டு பக்கமும் யாரையும் நோகடிக்க மனசு வரல. சின்னதா சொன்ன பொய் வளந்துருச்சு" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆரம்பம் அப்படித்தான் இருந்திருக்கும், நம்புகிறேன். நீங்கள் கெட்ட மனிதர் இல்லை. எனக்கு டைபாய்டு வந்தபோது பதினைந்து நாள் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டவர் நீங்கள்தான். அதனால்தான் எனக்கு இன்னும் புரியவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் வெறுத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன்.

கிருஷ்ணகிரிக்காரர்கள் மறுபடியும் வந்தார்கள். இடம் விற்பனைக்கு இல்லை என்று நானே நர்சரிக்குப் போய்ச் சொல்லி அனுப்பினேன். கோவிந்தன் எதுவும் கேட்கவில்லை. "செரிங்க டீச்சர், இனிமே கேட்டயே தொறக்க மாட்டேன்" என்றார். அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது.

சால்வையை நான் தூக்கிப் போடவில்லை. அதை அனுப்பியவர்கள் பொய் சொல்லவில்லை.

இப்போது உங்களிடம் கேட்பது இரண்டு. முதலாவது, விமானம் ஏறுவதற்கு முன்னால் கெச்கெமேட் போய் இலோனா அம்மாவின் முன்னால் உட்கார்ந்து, நடந்ததை உங்கள் வாயால் சொல்லிவிட்டு வாருங்கள். ஜூடித் கதவைத் திறப்பதாகச் சொல்லியிருக்கிறார், அம்மாவுக்காக. வயதானவர், மகன் மாதிரி உங்களுக்குச் சோறு போட்டவர். போனில் ஒரு அந்நியப் பெண் சொல்லித் தெரிந்துகொண்டதோடு அவருக்கு அது முடியக் கூடாது.

இரண்டாவது ஜெனிஷா. கவுன்சலிங்கில் அவளுக்குக் கோயம்புத்தூரில் இடம் கிடைத்திருக்கிறது. உங்களிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று அடக்கி வைத்திருக்கிறாள், நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள். "அப்பாவ நான்தான் போயி கூட்டிட்டு வருவேன்" என்று ஒரே பிடிவாதம். கோவிந்தன் காரை எடுக்கிறார், இரண்டு பேரும் பெங்களூர் விமான நிலையத்துக்கு வருவார்கள். நான் வரவில்லை.

அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. நான் சொல்லவும் மாட்டேன். ஓசூர் தாண்டினால் சாலை நன்றாக இருக்கிறது, நிதானமாகப் பேசலாம். நடுவில் எங்காவது நிறுத்தி அவளுக்கு ஏதாவது வாங்கிக் கொடுங்கள். காலையில் பாதி இட்லியோடு கிளம்பிவிடுவாள். தங்கை மகள் என்று அங்கே சொன்னீர்களே, அதையும் விடாமல் சொல்லுங்கள். பிறகு யாரோ சொல்லித் தெரிந்துகொண்டால் அவள் தாங்க மாட்டாள். அழுதால் அழட்டும். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது அழுவதே நல்லது.

அதன் பிறகு நமக்குள் பேச வேண்டியதை அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசுவோம். அதுவரை என்னிடம் எந்தப் பதிலும் இல்லை, கேட்காதீர்கள்.

பயணத்தில் ஒன்றும் ஆகாமல் ஆண்டவர் உங்களைக் காப்பாற்றட்டும். அந்தக் காரில் உட்காரும்போது உண்மையைச் சொல்கிற தைரியத்தை அவரே உங்களுக்குத் தரட்டும். அன்று இரவுக்கு மூன்று பேருக்கும் சேர்த்தே உலை வைப்பேன்.

ஜாஸ்மின்